போனைப் பிடுங்குவதற்கு முன்: வளரிளம் பிள்ளைகளின் இணைய ஆபத்து பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்கள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற தளங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. விதி மீறப்பட்டால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. தடுக்கத் தவறிய நிறுவனத்துக்குத்தான் அபராதம். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "இங்கேயும் இப்படி ஒரு சட்டம் வந்தால் தேவலை" என்று நினைக்கும் பெற்றோர் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் நிறைய இருக்கிறார்கள். "வீட்டிலேயே போனைப் பிடுங்கி வைத்தால் போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு.

இந்தக் கேள்விகளில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: பிள்ளை எவ்வளவு நேரம் போன் பார்க்கிறது, போனில் என்ன செய்கிறது, ஏற்கெனவே எந்த நிலையில் இருக்கிறது. பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் இந்த மூன்றையும் தனித்தனியாக அளக்கிறார்கள். 25 ஆண்டுகால ஆய்வுகளைப் பார்த்தால், தீங்கைத் தீர்மானிப்பதில் முதல் விஷயத்தின் பங்கு மிகக் குறைவு. மற்ற இரண்டும் சேரும் இடத்தில்தான் பிள்ளை மாட்டுகிறது. மாட்டிய பிள்ளை மீள்வது பெரும்பாலும் முதலில் தெரிந்துகொள்ளும் பெரியவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது.

அடிப்படைச் சொற்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம். இந்தியச் சட்டத்தில், குறிப்பாகக் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில், 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். பிளஸ் டூ படிக்கும் 17 வயதுப் பையனும் சட்டத்தின் முன் குழந்தைதான்.

ஆபத்து வேறு, தீங்கு வேறு. முன்பின் தெரியாத ஒருவர் ஆபாசமாகச் செய்தி அனுப்புவது ஆபத்து. அதனால் பிள்ளை தூக்கம் கெடுவதும், பணம் இழப்பதும், தன்னையே காயப்படுத்திக்கொள்வதும் தீங்கு. லண்டன் பொருளாதாரப் பள்ளியின் சோனியா லிவிங்ஸ்டன் தலைமையிலான குழு 2010-இல் ஐரோப்பாவின் 25 நாடுகளில் 9 முதல் 16 வயதுள்ள சுமார் 25,000 பிள்ளைகளை ஆய்வு செய்தது. ஆபத்தைச் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் தீங்கு வரை போகவில்லை. இணையத்தை நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தான் அதிக ஆபத்துகளைச் சந்தித்தார்கள், சமாளிக்கவும் அவர்களே கற்றுக்கொண்டார்கள்.

அதே குழு ஆபத்துகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது:

1. பார்ப்பதால் வருவது: வன்முறை, ஆபாசம், தற்கொலையைத் தூண்டும் பதிவுகள்.
2. பெரியவர் ஒருவர் தேடி வந்து தொடர்புகொள்வதால் வருவது: ஆசைகாட்டிப் பழகுதல், மிரட்டல்.
3. சக வயதினருக்குள் நடப்பது: கேலி, படம் பரப்புதல், குழுவிலிருந்து ஒதுக்குதல்.
4. நிறுவனங்களின் வணிகத்தால் வருவது: தகவல் சேகரிப்பு, சூதாட்டத் தன்மையுள்ள விளையாட்டுகள், நிறுத்தவிடாத வடிவமைப்பு.

நம் ஊர் விழிப்புணர்வுக் கூட்டங்கள் இரண்டாவதைப் பற்றியே பேசுகின்றன. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நடக்கும் மூன்றாவது வகை பேச்சிலேயே வருவதில்லை. ஒரே பள்ளி, ஒரே பேருந்து, ஒரே தெரு என்று இருக்கும் சிற்றூர்களில் அதன் காயம் இன்னும் ஆழமானது. படத்தைப் பார்த்தவர்களின் முகத்தில் அந்தப் பிள்ளை தினமும் விழிக்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் என்பது ஏன் போதாது

2019-இல் எமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி இருவரும் 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தரவுகளை வைத்து, திரை நேரத்துக்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பை அளந்தார்கள். பிள்ளைகளுக்கிடையே மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே திரை நேரத்தால் விளக்க முடிந்தது. போனால் கெடுதலே இல்லை என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இது எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து எடுத்த சராசரி. ஒரு பிள்ளைக்கு மிகுந்த கெடுதலும் இன்னொன்றுக்கு நன்மையும் இருந்தால் சராசரி பூச்சியத்தை ஒட்டித்தான் வரும். ஆகவே "தினமும் எத்தனை மணி நேரம்?" என்ற ஒற்றைக் கேள்வியால், எந்தப் பிள்ளை சிக்கலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சான்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 2000, 2005, 2010 ஆகிய ஆண்டுகளில் 10 முதல் 17 வயதுள்ள சுமார் 1,500 பேரிடம் தொலைபேசியில் நடத்திய ஆய்வு. விரும்பாத பாலியல் பேச்சு அல்லது அழைப்பு இணையத்தில் வந்ததாகச் சொன்னவர்கள் முறையே 19, 13, 9 சதவீதம். அந்தப் பத்தாண்டில் இணையப் பயன்பாடு பல மடங்கு பெருகியது, இந்த அளவோ பாதியானது. அதே காலத்தில் கேலியும் தொல்லையும் 6 சதவீதத்திலிருந்து 11-ஆக உயர்ந்தன. எல்லாம் கூடுகிறது என்றோ எல்லாம் குறைகிறது என்றோ மொத்தமாகச் சொல்ல முடியாது, ஒவ்வொரு வகையும் தன் போக்கில் நகர்கிறது.

2000-ஆம் ஆண்டின் அந்த 19 சதவீதம் "ஐந்தில் ஒரு குழந்தையைக் காமுகர்கள் அணுகுகிறார்கள்" என்று உலகமெங்கும் பரவியது. அந்த எண்ணிக்கையில் சக வயதினர் அனுப்பியவையும் அடக்கம். செய்தியில் இப்படி ஒரு சதவீதத்தைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, எதையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்பதுதான்.

எந்த நடத்தை, எந்தப் பிள்ளை

"பெயரையும் பள்ளியையும் போட்டோவையும் இணையத்தில் போடாதே" என்பதுதான் நாம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. 2007-இல் மிஷெல் இபாராவும் நியூ ஹாம்ப்ஷயர் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், சொந்தத் தகவலைப் போடுவது மட்டும் பாதிப்போடு தனித்த தொடர்பு காட்டவில்லை. தெரியாதவர்களோடு பாலியல் பற்றிப் பேசுவது, பல வழிகளில் புதியவர்களைத் தேடிப் போவது, மற்றவர்களை வேண்டுமென்றே அவமானப்படுத்துவது போன்றவை தொடர்பு காட்டின. இவற்றில் ஏதோ ஒன்றைச் செய்வதை விடப் பல வகைகளைச் சேர்த்துச் செய்வதே பாதிப்பைக் கூடுதலாகச் சுட்டியது. அடுத்தவரைக் கேலி செய்யும் பையன் தானும் மாட்டக்கூடியவன் என்பதைப் பள்ளிகள் கவனிக்க வேண்டும். அவனைத் தண்டிப்பதோடு கதை முடிந்துவிடுவதில்லை.

ஆசைகாட்டிப் பழகுவதைப் பற்றியும் நம் மனதில் இருக்கும் சித்திரம் தவறானது. ஐம்பது வயதுக்காரர் பதினைந்து வயதுப் பெண்போல் நடித்து ஏமாற்றுவதாக நினைக்கிறோம். ஜானிஸ் வோலக் குழு 2008-இல் வழக்குகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான குற்றவாளிகள் தாங்கள் வயதுவந்தவர்கள் என்பதை மறைக்கவே இல்லை. அன்பும் கவனிப்பும் காட்டினார்கள். பிள்ளைகள் தெரிந்தேதான் பார்க்கப் போனார்கள். அதனால் "தெரியாதவனிடம் பேசாதே" என்ற எச்சரிக்கை அங்கே எடுபடாது. மூன்று மாதமாகத் தினமும் "சாப்பிட்டாயா?" என்று கேட்பவர் அந்தப் பிள்ளைக்குத் தெரியாதவர் ஆகமாட்டார்.

ஜெனி நால் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமானது. 14 முதல் 17 வயதுள்ள 251 பெண் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் முன்பே வீட்டில் வன்முறையோ புறக்கணிப்போ அனுபவித்தவர்கள். மொத்தத்தில் 30 சதவீதம் பேர் இணையத்தில் அறிமுகமான ஒருவரை நேரில் சந்தித்திருந்தார்கள். ஏற்கெனவே காயப்பட்டவர்களிடம் ஆபத்தான இணைய நடத்தை கூடுதலாக இருந்தது. அந்தத் தொடர்பைத் தளர்த்தியது நல்ல பெற்றோர் உறவும், பிள்ளை எங்கே யாரோடு என்று தெரிந்து வைத்திருப்பதும். கட்டுப்பாட்டு மென்பொருள் போட்டிருந்த வீடுகளில் அந்த மாற்றம் தெரியவில்லை.

"நான்கு மடங்கு ஆபத்து" என்றால்

ஆய்வுச் செய்திகளில் அதிகம் குழப்புவது இதுதான். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்.

1. ஒரு ஒன்றியத்தில் 1,000 வளரிளம் பிள்ளைகள். அவர்களில் 100 பேர் ஏற்கெனவே வீட்டிலோ மனதிலோ சிரமத்தில் இருப்பவர்கள்.
2. சிரமத்தில் இருப்பவர்களில் 100-க்கு 12 பேரும், மற்றவர்களில் 100-க்கு 3 பேரும் தீங்கடைகிறார்கள். இதுதான் நான்கு மடங்கு.
3. சிரமத்தில் உள்ள 100 பேரில் 12 பேர் பாதிப்படைகிறார்கள். மற்ற 900 பேரில் பாதிப்படைவது 27 பேர்.

பாதிக்கப்பட்ட 39 பேரில் பெரும்பகுதி "நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்" என்று நாம் நினைக்கும் கூட்டத்திலிருந்து வருகிறது. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் 1980-களில் இதய நோய் பற்றிப் பேசும்போது இந்த முரணை எடுத்துக்காட்டினார். ஆபத்து அதிகமுள்ள 100 பேரை மட்டும் கூப்பிட்டு அறிவுரை சொன்னால் 27 பேர் விடுபடுவார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மணி நேரக் கூட்டம் போட்டால் அந்த 12 பேருக்கு அது போதாது. இரண்டும் வேண்டும். தடைச் சட்டமோ, பள்ளியில் போன் தடையோ எல்லோருக்கும் பொதுவான இரண்டாவது வகைக்குள் மட்டுமே வரும்.

கொங்குப் பகுதியில் யார் கணக்கில் வருவதில்லை

இந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. சதவீதங்களை அப்படியே இங்கே ஒட்டக் கூடாது. காரணத் தொடர்புகளைப் பொருத்திப் பார்க்கலாம். இந்தியத் தரவாக, கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் (ASER) 2023 அறிக்கை 26 மாநிலங்களின் 28 கிராமப்புற மாவட்டங்களில் 14 முதல் 18 வயதுள்ள 34,745 பேரைச் சந்தித்தது. போன் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்தவர்கள் ஆண்களில் 43.7 சதவீதம், பெண்களில் 19.8 சதவீதம். சமூக ஊடகம் பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மட்டுமே பாதுகாப்பு அமைப்புகள் தெரிந்திருந்தன.

பெரும்பாலான பெண் பிள்ளைகள் அம்மாவின் போனிலோ அண்ணனின் போனிலோதான் இணையத்துக்குள் வருகிறார்கள். இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் கொண்டுவந்த டீன் கணக்கில், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும். ஆனால் கணக்கு அம்மாவின் பிறந்த வருடத்தில் திறக்கப்பட்டிருந்தால் நிறுவனத்தின் பார்வையில் அது 40 வயதுக்காரர் கணக்கு. அந்தப் பாதுகாப்பு எதுவும் இயங்காது. செட்டிங்கில் பிறந்த தேதியைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். எந்த மென்பொருளையும் விட முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

பள்ளி வகுப்பறையில் கேள்வித்தாள் கொடுத்து நடத்தும் ஆய்வுகளில் இங்கே விடுபடுபவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும்:

1. பத்தாவதோடு நின்று பனியன் கம்பெனிக்கோ, விசைத்தறிக்கோ, மில் விடுதிக்கோ போன பிள்ளைகள். பள்ளிப் பட்டியலில் பெயரே இல்லாததால் ஆய்விலும் இல்லை.
2. பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் திருப்பூருக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து அப்பா அம்மா வீடு திரும்ப இரவு எட்டரை ஒன்பதாகும். பள்ளி விட்டதிலிருந்து அதுவரை போன்தான் துணை.
3. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள். பள்ளியில் போன் அறவே கிடையாது, விடுமுறையில் வீட்டுக்கு வந்ததும் கட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. பெரியவர் பக்கத்தில் இருக்கப் பழகிப் பார்க்கும் காலம் அவர்களுக்கு வாய்ப்பதில்லை.
4. ஊரிலிருந்து தள்ளித் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்கள். கூட விளையாட ஆள் இல்லாத இடத்தில் நண்பர்கள் போனுக்குள்தான் இருப்பார்கள்.

மில் விடுதிப் பிள்ளைகளுக்கும், போன் தரவே மாட்டோம் என்னும் வீடுகளுக்கும் பொருந்தும் ஓர் அபாய அறிகுறி உண்டு: வேறொருவர் வாங்கிக் கொடுத்த போன், வேறொருவர் போட்டுவிடும் ரீசார்ஜ். கொடுத்தவர் கையில் பிள்ளையின் ரகசியமும் கடனும் சேர்ந்து இருக்கிறது. கண்டிப்பான தடை இந்த வழியைத் திறந்துவிடக்கூடும்.

படத்தை வைத்து மிரட்டுவது எப்படி நடக்கிறது

பணத்துக்காக நடக்கும் இந்த மிரட்டலில் அதிகம் மாட்டுபவர்கள் 14 முதல் 17 வயதுப் பையன்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது. பெண் பிள்ளைகளை மட்டும் காவல் காக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. ஒரு பெண்ணின் படத்தோடு ஃபாலோ கோரிக்கை வரும். அதற்கு முன்பே அதே கணக்கு வகுப்பு நண்பர்கள் சிலரைப் பின்தொடர்ந்திருக்கும். "பொது நண்பர்கள் 6" என்று பார்த்ததும் பையன் நம்பிவிடுவான்.
2. பேச்சு சீக்கிரமே வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ மாறும். முதல் தளத்தின் கண்காணிப்பு அங்கே இல்லை.
3. வீடியோ அழைப்பு வரும். எதிர்ப்பக்கம் ஓடுவது முன்பே பதிவு செய்த காட்சி. இங்கே நடப்பது திரைப்பதிவு ஆகும்.
4. சில நிமிடங்களில் அந்தப் பதிவும், பையனின் ஃபாலோயர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டும் வரும். "இவர்கள் எல்லோருக்கும் அனுப்புவேன்" என்ற மிரட்டலோடு யுபிஐ எண்ணும் வரும்.
5. முதலில் கேட்பது சிறு தொகையாக இருக்கும். கொடுத்தால் நிற்காது. கொடுக்க வைக்க முடியும் என்று தெரிந்துவிட்டதால் அடுத்த தொகை கூடும்.

அவகாசம் கொடுக்காமல் விரட்டுவதுதான் இதன் உத்தி. யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகத் தவிக்கும் அந்த இரவில்தான் உயிராபத்து இருக்கிறது.

ஏன் சொல்வதில்லை

"போனைப் பிடுங்கிவிடுவார்கள்", "அப்பா அடிப்பார்", "படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பார்கள்", "ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்". இந்த நான்கு பயங்களையும் மிரட்டுபவரும் நன்றாக அறிவார். பிள்ளை சொல்லாமல் இருப்பதே அவருக்குப் பலம்.

பெயர் வெளிவருவது பற்றிய பயம் ஆதாரமற்றது என்று நம் பகுதியில் யாரும் சொல்ல முடியாது. 2019-இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அரசாணையிலேயே இடம்பெற்றது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைக் கண்டித்து 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதையும் தாங்கிக்கொண்டு பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சி சொன்னதால்தான், 2025 மே 13-இல் கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பது சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதை வாட்ஸ்அப் குழுக்களும் கடைப்பிடிக்க வேண்டும்.

வீட்டில் முன்கூட்டியே ஒரு வாக்குறுதி இருந்தால் இந்தப் பயங்கள் தளரும். அது பிள்ளை அமைதியாக இருக்கும் ஒரு சாதாரண நாளில் சொல்லப்பட வேண்டும்: "ஏங்கண்ணு, போன்ல யாராச்சும் மெரட்டுனா எங்கிட்டச் சொல்லு. நீ என்ன அனுப்பீருந்தாலும் சரி. போனைப் புடுங்க மாட்டேன், அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்." பிறகு அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும். ஒரு முறை தவறினால் அடுத்த முறை தகவல் வராது.

தெரிந்த முதல் நாளில் செய்ய வேண்டியவை

1. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், இரவில் குறிப்பாக. "சாகணும்போல இருக்குதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 எந்நேரமும் இயங்கும்.
2. பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு போய்விடும்.
3. பதற்றத்தில் சாட்டை அழிப்பதும் கணக்கையே நீக்குவதும்தான் அதிகம் நடக்கும் தவறு. முதலில் அந்தக் கணக்கின் யூசர்நேம், தொலைபேசி எண், மிரட்டல் செய்திகள், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன்பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள்.
4. பிள்ளையின் அந்தரங்கப் படத்தை ஆசிரியருக்கோ உறவினருக்கோ "ஆதாரமாக" ஃபார்வர்ட் செய்யாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் அதுவே குற்றம், முதல் முறைக்கு 5 ஆண்டு வரை சிறை. காவலரிடம் போனை நேரில் காட்டுங்கள்.
5. 18 வயதுக்குக் குறைந்தவரின் படம் என்றால் அமெரிக்காவின் குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பான என்சிஎம்இசி நடத்தும் டேக் இட் டவுன் சேவையைப் பயன்படுத்தலாம். படம் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஓர் எண் அடையாளம் மட்டும் உருவாகி, சேவையில் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே ஏற்றப்பட்டால் அவர்கள் கண்டுபிடித்து நீக்க முடியும். வாட்ஸ்அப் போன்ற மறையாக்கம் செய்த உரையாடல்களில் இது வேலை செய்யாது.
6. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 1098 குழந்தைகள் உதவி எண்.

"குழந்தைகளின் ஆபாசப் படத்தை யாருக்கும் அனுப்பாமல் வெறுமனே போனில் வைத்திருந்தால் என்ன?" என்று கேட்கும் பையன்களுக்கு: 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு அந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

பள்ளி என்ன செய்ய வேண்டும்

பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள்ளேயே "பேசி முடிப்பது" பல இடங்களில் வழக்கம். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ தெரிந்த யாரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆவது பிரிவில் தண்டனை உண்டு. படத்தைப் பரப்பியவனும் 18 வயதுக்குள் இருந்தால் அவன் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. "மாணவன் வாழ்க்கை வீணாகிவிடும்" என்று மறைப்பதற்கு அங்கே அவசியமில்லை.

காவல் நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துப்போகத் தயங்கும் பெற்றோரிடம் தலைமையாசிரியர் சொல்ல வேண்டியது 24-ஆவது பிரிவு. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்கலாம். இயன்றவரை உதவி ஆய்வாளர் தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். அவர் சீருடையில் இருக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது.